இலங்கை வீட்டுத் திட்டங்களில் உங்களால் மறக்க முடியாத ஒரு சந்திப்பு எது? (புனைபெயர்களில் வாசகர்கள் எழுதியவை)

தேயிலைமேடு

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம் என்றால் என்ன, வீட்டுக்கென்று ஒதுக்கும் ஏழு பேர்ச்சஸ் துண்டுக் காணி என்றால் என்ன என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்திய உதவியில் மலையகத் தோட்டங்களுக்கு ஒதுக்கப்பட்ட 4,000 வீடுகளில் ஒன்று எங்கள் அம்மாவுக்குக் கிடைத்தது. வீட்டில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கையளிப்பு நாளன்று நடந்த ஒன்றுதான் இன்னும் மனத்தை அரிக்கிறது. மாலையும் பேச்சும் முடிந்த பின் உறையில் வைத்து ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். முப்பத்தேழு ஆண்டுகள் கொழுந்து பறித்துக் கறையேறிய விரலை வரிவரியாக ஓட்டித் தன் பெயரைக் கண்டுபிடித்தவர், அந்த உத்தியோகத்தரை நிமிர்ந்து பார்த்து, "ஐயா, வூடு எங்களுதுன்னு எந்த வரியில எழுதியிருக்கு?" என்று கேட்டார். அந்த மனிதர் நல்லவர். கட்டுமான மாதங்களில் மழையிலும் மலையேறி வந்தவர். தாளை வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், "காணி உறுதிப் பத்திரம் பிறகு வரும் அம்மா" என்றார்.

காணி அரசினுடையது, குத்தகை தோட்டக் கம்பெனியினுடையது, பணம் இந்தியாவினுடையது, மேற்பார்வை வேறொரு நிறுவனத்தினுடையது. இத்தனை பேர் கைகோத்தால்தான் ஒரு வீடு எழும்பும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த ஒரு வரியை எழுத வேண்டியவர் யார் என்பது அன்று பந்தலில் இருந்த எவருக்கும் தெரியவில்லை.

பரந்தன் வீதி

நான் மறுபக்கத்தில் நின்றவன். 2012 ஜனவரியில் இந்திய வீட்டுத் திட்டத்துக்கான உடன்படிக்கை கைச்சாத்தானதை அடுத்து, வடக்கு கிழக்கில் உரிமையாளரே கட்டும் முறையில் வேலை தொடங்கியபோது, கிளிநொச்சி மாவட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். ஒரு கட்டம் முடிந்ததை நாங்கள் பார்த்துச் சான்றுபடுத்திய பிறகே அடுத்த கட்டத்துக்குரிய பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும்.

2013இல் ஒரு நாள், போரில் கணவனை இழந்து இரண்டு பெண்பிள்ளைகளோடு தரப்பாள் கொட்டிலில் இருந்த ஓர் அம்மாவின் வளவுக்குப் போனேன். சுவர் இடுப்பளவுதான் எழும்பியிருந்தது. கூரைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. ஆனால் முன்வாசல் நிலையில் கதவு பூட்டியிருந்தார், அதில் கொழுக்கி போட்டு ஆமைப்பூட்டும் தொங்கியது. என்னைக் கண்டதும் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்துப் பூட்டைத் திறந்து, "வாங்கோ தம்பி" என்றார். சுவரைத் தாண்டியே உள்ளே போகலாமே என்று சொல்லி நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நாலு வருசமாப் பூட்டில்லாமப் படுத்தனாங்கள் தம்பி" என்றார். படிவத்தில் அன்று என்ன எழுதினேன் என்பது நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஊவாக்காரன்

தேயிலைமேடு சொல்வதோடு ஓரளவுதான் உடன்படுகிறேன். உறுதி வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காக உங்கள் அம்மாவின் சம்பளத்தில் கைவைக்கவில்லை. எங்கள் அப்பா முந்திய தலைமுறைத் திட்டத்தில், தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியைப் பிணையாக வைத்துக் கடன் பெற்றுக் கட்டியவர்; மாதாமாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். கடைசித் தவணை வெட்டிய மாதம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார், உறுதி தருவார்கள் என்று. கடன் தீர்ந்தது என்று முத்திரை குத்திய பற்றுச்சீட்டைத்தான் கொடுத்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பரந்தன் வீதி அவர்களுக்கும் ஒன்று. உரிமையாளரே கட்டும் முறை என்பது காதுக்கு இனிமையான பெயர். சீமெந்து விலை ஏறினால், மேசன் பாதியில் போனால், மணல் கிடைக்காவிட்டால், அந்தச் சுமையும் உரிமையாளருடையதே. ஐந்தரை இலட்சத்துக்கு மேலே போன தொகைக்கு நகையை அடகு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் படிவத்தில் ஒரு கட்டமாவது இருந்ததா?

பரந்தன் வீதி

இல்லை. இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்த வீடுகளையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தன் வீட்டுச் சீமெந்துக் கல்லைத் தானே அச்சில் அரிந்தவர் கலவையில் ஏமாற்றமாட்டார்.

பழைய லிகிதர்

வன்னியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். முதற்கட்டப் பணம் வந்த அன்று ஒரு முதியவர் வந்து, வட்டி எத்தனை வீதம் என்று கேட்டார். இது மானியம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று மூன்று முறை சொன்னேன். நம்பாமல் பணத்தை எடுக்காமலேயே போய்விட்டார், அடுத்த வாரம் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

இனி வீடு கட்டப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, கொடுத்த வரைபடத்தைவிட அத்திவாரத்தைப் பெரிதாக்காதீர்கள். பிள்ளைக்கு ஓர் அறை, முன்னுக்கு ஒரு விறாந்தை என்று ஆசைப்பட்டு அகலம் போட்டவர்களின் வீடுதான் கூரையில்லாமல் நிற்பதை அதிகம் கண்டேன். அத்திவாரத்தில் கூட்டிய ஒவ்வொரு அடியும் சுவரிலும் ஓட்டிலும் திரும்பவும் கணக்குக் கேட்கும். அத்திவாரக் குழியை மண் மூடுவதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வந்தவுடன் முழுவதையும் எடுத்து மேசனிடம் கொடுக்காமல், முடிந்த வேலைக்கு மட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மலையகத்தவர்கள், மண்சரிவு பற்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் எவர் சொன்ன இடத்திலும் மண்வெட்டி போடாதீர்கள். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்கலாமா? கடிதத்தில் கணவன் பெயர் மட்டும் இருந்தால், மனைவியின் பெயரையும் சேர்க்கும்படி பிரதேச செயலகத்தில் எழுத்திலேயே கேளுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மழைநீர் வடிகாலை...

தேயிலைமேடு

லிகிதர் ஐயா, நன்றி. ஆனால் எங்கள் வீடு கட்டி முடிந்துவிட்டது. ஊவாக்காரன் சொன்ன பற்றுச்சீட்டுக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் அந்தக் கடிதத்தை எடுத்து வந்து, "இதையும் கண்ணாடி போட்டுறலாமா?" என்று கேட்டார். வேண்டாம், உறுதி வந்தால் போடலாம் என்றேன். திரும்பவும் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

பரந்தன் வீதி அவர்களே, அந்த அம்மாவின் வீடு முடிந்ததா?

பரந்தன் வீதி

முடிந்தது. ஓடு போட்ட பின் கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது, வீட்டில் எவரும் இல்லை. பிள்ளைகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வாசலிலேயே நின்று காத்திருந்தேன்.