பழைய கைத்துப்பாக்கிக்கு ஹார்ட் குரோம் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காப்பிக்காடு:

மூன்று வருஷமாக மனதில் கிடக்கிறது, அதனால் எழுதுகிறேன். தாத்தாவின் வெப்ளி ஸ்காட் .32 பிஸ்டல். ஏற்காடு தோட்டத்து வீட்டில் இருப்பது. புளூயிங், அதாவது இரும்பின் மேல் கொடுக்கும் கருநீலப் பூச்சு, முக்கால்வாசி போய்விட்டது. மழைக்காலத்தில் காலையில் எண்ணெய்த் துணியால் துடைத்தால் சாயங்காலத்துக்குள் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) செம்மண் நிறம் பூத்திருக்கும். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து ஹார்ட் குரோம், அதாவது கடினமான குரோமியப் பூச்சு, போட்டு வாங்கினேன். பழைய எவர்சில்வர் டம்ளர் மாதிரி மங்கிய வெள்ளை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் ஆயுதத்தைக் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்தவர் ஃப்ரேமில் (துப்பாக்கியின் உடல்) பொறித்த எண்ணை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். நான்காவது எண்ணில் நின்றுவிட்டார். "இது மூணா, எட்டா சார்?" ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். செல்போன் டார்ச் அடித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார், அவர் மூன்று என்றார். லைசென்ஸ் புத்தகத்தில் எட்டு. குரோமுக்கு முன்னால் துருக்குழிகளைப் போக்க பஃப் வீலில் தேய்த்து மெருகேற்றியபோது எட்டின் இடது வளைவு தேய்ந்துபோயிருக்கிறது. வாங்கிய அன்று நான் பளபளப்பைத்தான் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். பஃப் அடிக்கும் முன்பே கன்ஸ்மித் தன் ரெஜிஸ்டரில் எண்ணை எழுதிவைத்திருந்தார். அந்த ஒரு வரி என்னைக் காப்பாற்றியது. அந்த மேஜைக்கு முன்னால் நின்ற இருபது நிமிஷம் இன்னும் மறக்கவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

ஹூஸ்டன்_1911:

எண் பிரச்சினை எனக்கு வந்ததில்லை. என் கதை வேறு. 2017 ஆகஸ்ட், ஹார்வி புயல். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், நாங்கள் படகில் வெளியேறினோம். துப்பாக்கிப் பெட்டி கீழ்த்தளத்தில். நாலு நாள் கழித்துத்தான் திறக்க முடிந்தது.

மேல் தட்டில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வர், அசல் புளூயிங், ஒரு கீறல் இல்லாமல் பத்து வருஷம் வைத்திருந்தது. கீழ்த் தட்டில் கோல்ட் 1911 பிஸ்டல், சீரிஸ் 70. முந்தைய உரிமையாளர் ஹார்ட் குரோம் போட்டுவிட்டதால் 'மதிப்பு போச்சு' என்று எனக்கு மலிவாகக் கிடைத்தது. மாடல் 19ஐத் தூக்கினேன், என் உள்ளங்கையில் ஆரஞ்சு நிறக் குழம்பு ஒட்டியது. சிலிண்டர் சுற்றவில்லை. 1911ஐக் குழாயடியில் காட்டினேன், சேறு வழிந்து போனது. அடியில் அதே வெள்ளை. கைப்பிடி ஸ்க்ரூக்களிலும் பேரலின் உள்ளேயும் மட்டும் துரு, அங்கெல்லாம் குரோம் கிடையாது. மகசின் ஸ்பிரிங்கை மாற்றினேன்.

மனைவி பக்கத்தில் நின்று "அது போனால் போகட்டும், இது இருக்கே" என்றாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, நான் போற்றி வைத்திருந்தது போனதை.

வெளுக்காத நீலம்:

ஹூஸ்டன் சார், மன்னிக்கவும், உங்கள் கதையைப் படித்துவிட்டு நாலு பேர் தாத்தா துப்பாக்கியைக் குரோம் தொட்டியில் முக்கக் கிளம்புவார்கள். வெள்ளம் தினமும் வருவதில்லை.

என்னிடம் இருப்பது கோல்ட் 1903 பாக்கெட், .32. ஹார்ட்ஃபோர்டில் 1945க்குப் பிறகு இதைச் செய்யவில்லை. 1980களில் இறக்குமதி நின்றதிலிருந்து இந்தியாவில் இருக்கிறதுதான் இருக்கிறது, புதிதாக வருவது அரிது. ஸ்லைடில் முன்னங்கால் தூக்கிய குதிரை இருக்கும். குரோம் போட்ட இதே மாடல் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், பஃபில் குதிரைக்குக் கால் நாலும் போய், ஒரு புழு மாதிரி இருந்தது. ஸ்க்ரூ துளைகளின் ஓரம் கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருந்தது.

எனக்கும் துரு வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தேன். மே மாதம் திரும்ப வாங்கிப் பிரித்தால் ஸ்லைடின் வலது பக்கம் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை, துருவிலேயே, சுழி சுழியாக. வியர்வைக் கையோடு எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறார், இரண்டு மாசம் உப்பு தின்றிருக்கிறது. மிக மெல்லிய ஸ்டீல் உல்லும் (இரும்பு நார்) எண்ணெயும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். துரு போனது, ரேகை போகவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் இன்றும் தெரியும். இருந்தும் குரோம் போடமாட்டேன். ஒப்படைக்கும் முன் நன்றாக எண்ணெய் பூசி, மெழுகுத் தாளில் சுற்றி, ரசீதில் 'துரு இல்லை' என்று எழுதி வாங்குங்கள். தோல் உறையோடு கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுக்கும். இன்னொன்று, குரோம் போட்டவர்கள் அம்மோனியா கலந்த சால்வென்ட் பக்கமே போகக்கூடாது, உரிந்துவிடும்.

அம்பத்தூர் பிளேட்டர்:

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. ஹைட்ராலிக் ராடுக்கு ஹார்ட் குரோம் போடுகிறவன், 19 வருஷம். என் அனுபவம் சின்னது. ஒரு நாள் மத்தியானம் ஒருத்தர் பனியன் துணியில் சுற்றி ரிவால்வர் கொண்டுவந்தார். "ராடுக்குப் போடுற மாதிரியே போட்டுக் குடுங்கண்ணே, காசு எவ்வளவுனாலும் சரி." மேஜையில் வைத்த சத்தத்தில் ஷாப்பே நின்றுவிட்டது. ஆயுத வேலைக்கு லைசென்ஸ் இல்லாத பட்டறை அதைத் தொடவே கூடாது, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வேறு எங்கே கொண்டுபோனாரோ என்று இப்போதும் யோசிப்பேன்.

நீலம் சார் சொன்னதில் ஒரு திருத்தம். அம்மோனியாவில் உரிவது நிக்கல். நிக்கலுக்கு அடியில் பெரும்பாலும் செம்பு இருக்கும், அம்மோனியா செம்பைக் கரைத்து உள்ளே புகும். ஹார்ட் குரோம் நேராக இரும்பின் மேல் ஏறுவது, நடுவில் செம்பும் இல்லை, நிக்கலும் இல்லை. குரோமுக்கு எமன் ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பாத்ரூம் ஆசிட் பாட்டில் பக்கத்தில் வைக்காதீர்கள், புகையே போதும்.

கேட்காமலே இன்னும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குரோம் குழியை மூடாது. அடியில் இருப்பதை அப்படியே காட்டும், குழியின் உதட்டில் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். கரண்ட் எப்போதும் முனையையும் ஓரத்தையும்தான் தேடிப் போகும். அதனால்தான் முன்னால் பஃப் அடிக்கிறார்கள், காப்பிக்காடு சாரின் எட்டு அங்கேதான் போனது. பஃப் வீலுக்குப் பதிலாக நைஸ் பீடு பிளாஸ்ட் (நுண் மணிகளைப் பீச்சி அடிப்பது) மட்டும் அடித்தால் எழுத்து பிழைக்கும். குழி தெரியும், தெரியட்டும். எண் மேல் டேப் ஒட்டச் சொல்லிவிட்டு வேலையைக் கொடுங்கள்.

கைத்துப்பாக்கிக்கு 5 முதல் 12 மைக்ரான் போதும். ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் ஒரு பக்கம் 10 மைக்ரான் ஏறினால் எதிர்ப்பக்கமும் 10, இடைவெளி 20 குறையும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் ஸ்லைடு அதோடு சிக்கும். ஸ்பிரிங்கைக் குரோம் ஏற்றும் டாங்கில் விடவே கூடாது, ஹைட்ரஜன் இரும்புக்குள் இறங்கிச் சுள்ளி மாதிரி முறியவைக்கும். கடினமாக்கிய இரும்பு எதுவானாலும் டாங்கிலிருந்து எடுத்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி ஓவனில் வைத்துச் சுட வேண்டும். 'சுட்டீங்களா?' என்று கேளுங்கள். முழித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 65, 70 வரும், அரம் வழுக்கும், அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் படலம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத விரிசல். எண்ணெய் அதில் தங்கும், உப்புத் தண்ணீரும் தங்கும். ஹூஸ்டன் சார் நாலு நாளில் எடுத்தது நல்லது, ஒரு மாசம் விட்டிருந்தால் குரோமுக்கு அடியிலிருந்து துரு எழும்பியிருக்கும்.

கடைசியாக ஒன்று. டாங்கில் இருப்பது குரோமிக் ஆசிட், 55 டிகிரியில் மஞ்சள் மூட்டமாக எழும்பும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை, ஒரு பக்கம் டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். புகை உறிஞ்சும் வசதி இல்லாத பட்டறையில் எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

ஹூஸ்டன்_1911:

பிளேட்டர் அண்ணே, இதைப் படித்துவிட்டுப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். குறிபார்க்கும் பின்பக்க சைட்டுக்குக் கீழே ஊசிமுனை அளவில் மூன்று பழுப்புப் புள்ளிகள். ஏழு வருஷமாக அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

நீலம் சார், உங்கள் கோபம் புரிகிறது. மாடல் 19 இருந்திருந்தால் நானும் அதற்கு குரோம் போட்டிருக்க மாட்டேன்.

காப்பிக்காடு:

டேப் ஒட்டும் விஷயம் முன்பே தெரியாமல் போய்விட்டது. தம்பியிடம் மாமாவின் .32 ரிவால்வர் இருக்கிறது, அவனும் குரோம் போட வேண்டும் என்று நிற்கிறான். நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணுக்கு மேல் வெள்ளைச் சாக்குக்கட்டி தேய்த்து, பகல் வெளிச்சத்தில் எட்டு போட்டோ எடுத்தோம். அதைப் பிரிண்ட் போட்டு லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறான். கன்ஸ்மித்திடம் ஓவன் இருக்கிறதா என்று திங்கட்கிழமை கேட்கிறோம்.