மாடித்தோட்டப் பைகளுக்கு எந்த உரம், எவ்வளவு, எப்போது?

மொட்டைமாடி:
வணக்கம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள 15 பைகள்: தக்காளி 5, கத்தரி 5, மிளகாய் 5. கலவையில் தேங்காய் நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. நாற்று நட்டு 40 நாள் ஆகிறது. தக்காளியில் அடி இலைகள் முழுசாக மஞ்சளாகி உதிர்கின்றன, கொழுந்து பச்சையாகவே இருக்கிறது. மிளகாயில் இலை கரும்பச்சை, ஆனால் பூவெல்லாம் கொட்டுகிறது. மிளகாய்க்கு மட்டும் வாரம் இருமுறை மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் ஊறிய கரைசல்) கொடுக்கிறேன். எல்லாப் பைகளுக்கும் வாரம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல், வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர். பாய்ச்சுவது போர் தண்ணீர். குழாயில் வெள்ளையாகப் படியும். எதை நிறுத்த, எதைச் சேர்க்க?

வேர்வழி:
தக்காளியில் நீங்கள் பார்ப்பது தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால்தான் அடியிலிருந்து மஞ்சள் ஏறுகிறது. காரணம் உங்கள் கலவையில் பாதி நார்க்கழிவாக இருப்பது. மக்காத நாரை உடைக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும், வேருக்கு முன்னால் அவை எடுத்துக்கொள்ளும்.

மண்புழு உரம் மட்டும் இந்தக் குறையைத் தீர்க்காது. அதில் தழைச்சத்து ஏறக்குறைய 1.5 சதவீதம்தான், 50 கிராம் போட்டால் முக்கால் கிராம் சேரும், அதுவும் மெதுவாக. கடலைப் பிண்ணாக்கில் 7 சதவீதம் வரை உண்டு. அதே 50 கிராமில் மூன்றரை கிராம். அதனால் தக்காளிக்கும் கத்தரிக்கும் பிண்ணாக்குக் கரைசல் கொடுங்கள்.

100 கிராம் கடலைப் பிண்ணாக்கை உடைத்து 1 லிட்டர் தண்ணீரில் போட்டு, வாளியின் வாயைத் துணியால் கட்டி, நிழலில் 3 நாள் வையுங்கள். தினம் ஒருமுறை குச்சியால் கலக்க வேண்டும். வடிகட்டி, தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, பைக்கு 1 லிட்டர் வேரடியில் ஊற்றுங்கள். 10 நாளைக்கு ஒருமுறை போதும். உதிர்ந்த இலை திரும்பாது. புது இலையும், மஞ்சள் மேலே ஏறாமல் நிற்பதும்தான் கணக்கு.

பிண்ணாக்கைக் கட்டியாக அப்படியே மண்மேல் வைப்பவர்கள் பலர். ஈரம் பட்டதும் வெள்ளைப் பூஞ்சணம் படரும், எறும்பும் எலியும் வரும், மக்கும்போது கிளம்பும் சூடு தண்டோரத்து வேரைக் கருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

செம்மண்காரர்:
மிளகாய்க்கு நேர் எதிர் சிக்கல். மீன் அமிலம் தழைச்சத்து நிறைந்தது, வாரம் இருமுறை என்பது மிக அதிகம். இலை பெருத்துப் பூ நிற்காது, இளந்தளிருக்கு அசுவினிப் பூச்சியும் வந்து சேரும். இரண்டு வாரம் முழுக்க நிறுத்துங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி, 15 நாளைக்கு ஒருமுறை. பூக்கும் நேரத்தில் தேமோர் கரைசல் நல்லது: புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சம அளவு, 7 நாள் புளிக்கவைத்து, லிட்டருக்கு 50 மில்லி மாலையில் தெளிக்கவும். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் நாட்களில் உரம் சரியாக இருந்தாலும் மிளகாய்ப் பூ கொட்டும், அதற்கு நிழல்வலைதான் வழி.

சாம்பலை இன்றே நிறுத்துங்கள். அது காரத்தன்மை உள்ளது, உங்கள் தண்ணீரோ ஏற்கெனவே சுண்ணாம்பு. இரண்டும் சேர்ந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அப்போது மஞ்சள் கொழுந்தில் வரும்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளுக்கும். இப்போதைய மஞ்சளோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வாழைத்தோல் தண்ணீரில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கொஞ்சம் உண்டு, ஆனால் பழ ஈயை அழைத்து வருவதுதான் மிச்சம். தோலை நறுக்கி மட்கும் தொட்டியில் போடுங்கள்.

மொட்டைமாடி:
மிக்க நன்றி. வேப்பம் பிண்ணாக்கும் எலும்புத் தூளும் கைவசம் இருக்கிறது, இப்போது போடலாமா? இன்னொன்று, முன்பு ஒருமுறை பிண்ணாக்கு ஊறவைத்தபோது அழுகிய முட்டை வாடை வந்து புழு நெளிந்தது. அதைச் செடிக்கு ஊற்றியிருக்கலாமா?

வேர்வழி:
புழு வந்தது வாளி திறந்திருந்ததால். ஈ முட்டையிட்டுவிடும். புளித்த வாடை சரி. அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றில்லாமல் கெட்டுவிட்டது என்று பொருள். செடிக்கு வேண்டாம், மட்கும் தொட்டியில் கொட்டுங்கள். வடிகட்டிய சக்கையும் அங்கேதான்.

வேப்பம் பிண்ணாக்கு தாராளமாக, மாதம் ஒருமுறை பைக்கு 30 கிராம். தண்டிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, இரண்டு அங்குலம் கிளறிப் புதையுங்கள். எலும்புத் தூளின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகராது, வேர்தான் அதைத் தேடி வர வேண்டும். இப்போது மேலே தூவினால் வீண். அடுத்த நாற்று நடும்போது குழிக்குள் 30 கிராம் போட்டு மண்ணோடு பிசைந்து நடுங்கள்.

செம்மண்காரர்:
ஒன்று சேர்க்கிறேன். எந்தக் கரைசலையும் காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர், மண் நனைந்து அரை மணி நேரம் கழித்துக் கரைசல், மாலை 5 மணிக்கு மேல். அடுத்த முறை கலவையில் நார்க்கழிவை ஒரு பங்காகக் குறையுங்கள். அதையும் மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, உப்பு போகப் பிழிந்த பிறகே சேருங்கள்.