தினமும் கட்டுகிற வாட்சுக்கு செகண்ட் முள் அவசியமா?

சேலத்துக்காரன்:
வணக்கம். பதினொரு வருஷமாக அப்பாவின் ஹெச்எம்டி ஜனதாவைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் பல் துலக்கிவிட்டு அதற்குச் சாவி கொடுத்தால்தான் அன்றைய நாள் தொடங்கியது போல இருக்கும். இப்போது அது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பின்தங்குகிறது, அதோடு முழுக்கை சட்டையின் பட்டிக்குள் நுழையாமல் விளிம்பைத் தேய்த்துக் கிழித்துக்கொண்டே இருக்கிறது. ஆபீசுக்கு மெல்லிசாக ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். டைட்டன் எட்ஜ் காட்டினார்கள், மொத்தமே 3.5 மி.மீ. கனம்தான். கட்டிப் பார்த்தபோது கையில் ஒன்று இருப்பதே தெரியவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆனால் நான் பார்த்த மாடலில் இரண்டே முள். செகண்ட் முள் இல்லை. போட்டோ எடுத்து வந்து வீட்டில் காட்டினேன், அம்மா பார்த்துவிட்டு "நேரில பாத்தாலும் இப்படித்தான் அசையாம இருக்குமாடா?" என்று கேட்டார்கள். அதிலிருந்து எனக்கும் தயக்கம். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன் நான், விநாடி பார்த்துச் செய்கிற வேலை எதுவும் கிடையாது. இருந்தாலும் இத்தனை வருஷம் ஓடுகிற முள்ளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இல்லாமல் போனால் தொந்தரவாக இருக்குமா? இரண்டு முள் வாட்சை தினமும் கட்டுகிறவர்கள் சொல்லுங்கள். விலை கொஞ்சம் அதிகம், வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துவிடக் கூடாது.

கிராமத்து நர்ஸ்:
தம்பி, உங்கள் வேலைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் செகண்ட் முள் வெறும் அழகுக்கு என்று யாராவது இங்கே எழுதுவதற்கு முன்னால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சளி, இருமல் என்று குழந்தையைத் தூக்கி வருவார்கள். அது நிமோனியாவா என்று சந்தேகிக்க எங்களுக்கு முதல் கருவியே இந்த முள்தான். அம்மா மடியில் குழந்தையைச் சாய்த்து, சட்டையை மேலே தூக்கிவிட்டு, என் மணிக்கட்டை அதன் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். வயிறு ஏறி இறங்குவதும் முள் ஓடுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிற கதையெல்லாம் பச்சைக் குழந்தையிடம் ஆகாது, அதன் மூச்சு ஒரே சீராக இருக்காது. நடுவில் அழுதால் சமாதானப்படுத்திவிட்டு முதலிலிருந்து எண்ணுவேன். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால் 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. 38-க்கும் 42-க்கும் நடுவில் நிற்கிற குழந்தைக்கு அந்த ஒரு நிமிடம் சரியாக ஒரு நிமிடமாக இருந்தாக வேண்டும்.

டிரிப் போட்டாலும் அப்படித்தான். 500 மி.லி. பாட்டிலை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மி.லி.க்கு 20 சொட்டு விழுகிற செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. வாட்சைச் சொட்டு அறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உருளையைத் திருகி அந்தக் கணக்குக்குக் கொண்டுவருவேன். போனில் பார்க்கலாமே என்பார்கள். ஒரு கை குழந்தை மேல், இன்னொரு கையில் போன், நடுவில் திரை அணைந்துபோகும், அதில் அழைப்பு வேறு வரும்.

அதனால் எனக்கு வெள்ளை டயல், கறுப்பு எண், நிமிடக் கோடு வரைக்கும் நீளமாக எட்டுகிற சிவப்பு முள். வேறு எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது நர்சிங் படித்தால் இதை ஞாபகம் வைத்து வாங்கிக் கொடுங்கள்.

மதுரை வாட்ச் மெக்கானிக்:
முப்பது வருஷமாகக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் பங்குக்கு ஒன்று. செகண்ட் முள் நேரம் சொல்வதைவிட வாட்சின் உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் அதிகம் சொல்லும்.

பேட்டரி வாட்சுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அதைச் சர்க்யூட் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் விநாடிக்கு ஒரே துடிப்பு வரும், அந்தத் துடிப்புதான் மோட்டாரைத் தள்ளி முள்ளை ஒரு கோடு நகர்த்துகிறது. பேட்டரி தீரப்போகிறது என்றால் நல்ல மெஷின்கள் பலவற்றில் முள் ஒவ்வொரு விநாடியும் நகராமல் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை இரண்டு கோடாகத் தாவும். "அண்ணே, வாட்ச் நொண்டுது" என்று கொண்டுவருவார்கள். பழுது ஒன்றும் இல்லை, செல்லை மாற்று என்று அதுவே சொல்கிறது, அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தில் வேறு மாதிரி பார்த்திருப்பீர்கள். செல் இறங்கினால் முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் மேலே ஏற முடியாமல் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு முள் வாட்சில் இந்தத் தகவல் எதுவும் வெளியே தெரியாது. ஆனால் அதற்கும் ஒரு லாபம் உண்டு, விநாடிக்கு ஒரு தடவை மோட்டாரைத் தள்ள வேண்டாம், பத்து இருபது விநாடிக்கு ஒரு தடவை தள்ளினால் போதும். அதனால் செல் கூடுதல் நாள் உழைக்கும். கூடுதல் நாள் உழைப்பதால் நாம் மறந்துவிடுவோம், அதுதான் சிக்கல். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசியும். கசிந்தது சர்க்யூட்டைப் பச்சை பிடிக்க வைத்துவிடும், அப்புறம் மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும். நான் செல் மாற்றுகிற ஒவ்வொரு வாட்சிலும் பின்மூடியின் உள்பக்கம் மாதமும் வருஷமும் எழுதிவிடுவேன். நீங்களும் எழுதச் சொல்லுங்கள்.

ஜனதாவை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு ஐந்து நிமிடம் பின்தங்குகிறது என்றால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்திருக்கும். பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் அநேகமாகத் தேறிவிடும்.

இரண்டு முள் ஆசிரியர்:
நான் ஆறு வருஷமாகச் செகண்ட் முள் இல்லாத வாட்ச் கட்டுகிறேன், பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் அதே ஒன்றுதான். முதல் ஒரு வாரம் தயக்கமாகத்தான் இருந்தது, ஓடுகிறதா ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பழகிவிட்டது. பழகியது மட்டும் இல்லை, பிடித்தும் போய்விட்டது. மூன்று முள் வாட்சைப் பார்த்தால் என் கண் முதலில் ஓடுகிற முள் பின்னால்தான் போகும், பிறகுதான் மணி என்ன என்று திரும்பி வரும். இதில் பார்த்த உடனே மணி பத்து இருபது, முடிந்தது. பாடம் நடத்திக்கொண்டே கையைத் திருப்பாமல் ஓரக்கண்ணில் பார்த்துவிடலாம்.

மெக்கானிக் அண்ணன் சொன்ன சிக்கல் எனக்கு நடந்திருக்கிறது. ஒரு நாள் ஊருக்குப் போகும் அவசரத்தில் வாட்சைப் பார்த்தேன், ஒன்பது நாற்பது, பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று நிதானமாகக் காபி குடித்தேன். இரண்டாவது தடவை பார்த்தபோதும் ஒன்பது நாற்பது. அதற்குள் பஸ் போயே போய்விட்டது. ஓடுகிற முள் இருந்திருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து காலையில் கட்டும்போது ஒரு தடவை போனோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். தேர்வு மேற்பார்வைக்குப் போகும்போது மட்டும் மூன்று முள் வாட்ச், அங்கே இருநூறு பிள்ளைகளின் நேரம் என் கையில் இருக்கிறது.

ஆபீஸ் வேலைக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள்.

திண்டுக்கல் ரவி:
ஒரு சின்ன விஷயம். என் மைத்துனருக்குக் கண் பார்வை இல்லை. அவர் கட்டுவது ஹெச்எம்டி பிரெய்ல் வாட்ச், கண்ணாடி மூடியைத் திறந்து விரலால் முள்ளைத் தடவி மணி சொல்வார். அதில் செகண்ட் முள் கிடையாது, இருந்தால் விரல் பட்டுப் பட்டு நின்றுவிடும். ஓடுகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாட்சைக் கழற்றி என் காதில் வைத்தார். டிக் டிக் என்று அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. சாவி கொடுக்கிற வாட்சில் அந்த வசதி உண்டு, மெல்லிய பேட்டரி வாட்சில் அது இருக்காது என்று நினைக்கிறேன்.

சேலத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாள் என்னையே கவனித்தேன். ஜனதாவின் செகண்ட் முள்ளை நான் உண்மையிலேயே பார்த்தது இரண்டு தடவைதான். ஒன்று, காலையில் சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கியதா என்று. இன்னொன்று, அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்தபோது நாடி பிடித்துப் பார்க்க. அந்த இரண்டாவது தடவை, நர்ஸ் அக்கா எழுதியது மனதில் இருந்ததால் முழு நிமிடம் எண்ணினேன், 76 வந்தது. அம்மா இப்போது நலம்.

அதனால் ஆபீசுக்கு இரண்டு முள் வாட்சை வாங்கிவிடுகிறேன். ஜனதாவைக் கழுவி எண்ணெய் விடக் கொடுத்துவிட்டு, வீட்டில் இருக்கும்போது அதைக் கட்டுவேன். மெக்கானிக் அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி, மெல்லிசு வாட்சுக்குச் செல் மாற்றும்போது நான் பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

மதுரை வாட்ச் மெக்கானிக்:
மூன்று விஷயம். பழைய செல்லில் இருக்கிற அதே எண்ணைப் பார்த்துத்தான் புதியதைப் போட வேண்டும், மெல்லிசு வாட்சில் கனம் கொஞ்சம் மாறினாலும் மூடி உட்காராது. செல்லை வெறும் விரலால் எடுக்காமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுக்கிறாரா என்று பாருங்கள். பின்மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அது காய்ந்து தட்டையாகிவிட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் கை கழுவுகிற தண்ணீரே உள்ளே போய்விடும். ஜனதாவுக்கு அவசரமே இல்லை, பொறுமையாகச் செய்கிற ஆளாகப் பார்த்துக் கொடுங்கள்.