வெடித்த பலகையும் காசிமேட்டுப் பெரியவரும்

அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகையை மரத்தில் செய்கிற நீங்கள் எல்லோரும் வழவழவென்று முடிந்த பலகையைக் காட்டுகிறீர்கள். என்னுடையது வெடித்த கதை.

வீடு புதுவண்ணாரப்பேட்டை, மொட்டை மாடிதான் பட்டறை. ஏழடி நீளத்தில் உள்ளே காலியாக இருக்கும் சர்ஃப் பலகை. நடுவே நீளமாக ஒரு முதுகெலும்பு, குறுக்கே தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்டில் வெட்டிய விலா, மேலும் கீழும் 6 மில்லிமீட்டர் கனத்தில் மலைவேம்புப் பட்டை. பால்சா என்கிற லேசான மரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் மலைவேம்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டும்போது அழுத்திப் பிடிக்க முப்பது நாற்பது கிளாம்பாவது வேண்டும், என்னிடம் இருந்தது ஆறு. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி நீளநீளமாகக் கிழித்து, பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது மாதிரி இறுக்கிச் சுற்றினேன். கிளாம்பை விட நன்றாகவே பிடித்தது.

மேலே பைபர் துணி ஒட்டப் பழக வேண்டுமே என்று பலகையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டில் பைபர் போட் செய்யும் இடத்துக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு காலத்தில் கட்டுமரம் கட்டியவர். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார்.

"உள்ள காலியா தம்பி?"

"ஆமா நைனா, கனம் குறையத்தான்."

சும்மா இருக்காமல் டாம் பிளேக் என்கிற அமெரிக்க அலைச்சறுக்கு வீரரின் கதையை வேறு எடுத்துவிட்டேன். 1926-இல் ஹவாயின் பழைய பலகைகளைப் பார்த்து ஒன்று செய்தபோது அவர் மரத்தில் நூற்றுக்கணக்கில் துளை போட்டு மேலே மூடினார், 1932-இல் உள்ளே காலியான பலகைக்குக் காப்புரிமையும் வாங்கினார் என்றெல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உள்ள இருக்கிற காத்துக்கு அவரு எங்க வழி வெச்சாரு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

சித்திரை வெயில். வேலையெல்லாம் முடித்து மாடியில் சாய்த்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு மணி வாக்கில் 'டப்' என்று சத்தம். எதிர்வீட்டில் ஏதோ விழுந்தது என்று நினைத்தேன். மாலையில் பார்த்தால் பக்கவாட்டு ஒட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்திருக்கிறது. முப்பது டிகிரியில் அடைத்த காற்று அறுபது டிகிரிக்குப் போனால் பத்தில் ஒரு பங்கு விரியப் பார்க்கும், அதற்கு வழியில்லாவிட்டால் ஒட்டுதான் விட்டுக்கொடுக்கும். அப்புறம் தேடினால், பிளேக் காலத்துப் பலகைகளிலேயே தண்ணீர் வடிக்கப் பித்தளைத் திருகு வைத்திருக்கிறார்கள்!

பிளவை ஒட்டிவிட்டு, மூக்குப் பக்கம் ஒரு பித்தளைத் திருகும் ரப்பர் வாஷரும் வைத்தேன். கரையில் தளர்த்த வேண்டும், கடலில் இறங்குமுன் இறுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் பக்கம் கரை நெடுகப் பாறை என்பதால் குட்டியானையில் ஏற்றிக் கோவளம் வரை கொண்டுபோனேன், போன வேகத்தில் இறுக்க மறந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் பலகை மூக்கால் முங்குகிறது. தூக்கினால் உள்ளே சளக் சளக்.

பெரியவரிடம் காட்டினேன். சிரிக்கவே இல்லை. "எங்க மரமும் தண்ணி குடிக்கும் தம்பி. கரைக்கு வந்தா கயித்த அவுத்து, கட்டையக் கட்டையா பிரிச்சுக் காய வெச்சிருவோம். நீ எத அவுப்ப?"

திருகுத் துளை கீழே வருகிற மாதிரி பலகையைத் தலைகீழாக மாடிச் சுவரில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்று நான்காவது நாள், இன்னும் சொட்டுகிறது.