ராபின் தானா கவிழ்ந்துச்சா? டாப் கியர் ஸ்கிரிப்ட் சண்டை

ஸ்பைடர்கியர்:
பி.பி.சி.யோட கார் நிகழ்ச்சி டாப் கியரைப் பத்தி பக்கத்து இழையில ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "டாப் கியர்ல காட்டினது எல்லாமே நிஜம். ரிலையன்ட் ராபின் அப்படித்தான், மூணு சக்கரம், திருப்பினா கவிழும்." இதைப் படிச்சுட்டு பேசாம போக முடியல.

15-ஆம் சீசன் முதல் எபிசோடு, 2010 ஜூன். தொகுப்பாளர் கிளார்க்சன் இங்கிலாந்துல ஷெஃபீல்டுல இருந்து ராதர்ஹாமுக்கு ராபின் ஓட்டிட்டுப் போறார். ஸ்டியரிங்கைத் தொட்டா போதும், பொத்துன்னு சாயுது. திரும்பத் திரும்ப. 2016-ல அவரே சண்டே டைம்ஸ் பத்தியில எழுதிட்டார்: சாதாரண ராபின் அவ்வளவு சுலபமா உருளாது, நம்ம ஆளுங்களை விட்டு டிஃபரன்ஷியலை (வளைவுல ரெண்டு பின்சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கர அமைப்பு) நோண்ட வெச்சேன்னு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? டிஃபரன்ஷியலை நோண்டியிருக்காங்க. அந்த நிகழ்ச்சி எப்பவோ நாடகமாயிடுச்சு, இன்னும் அதுக்கு வக்காலத்து வாங்குறவங்களைப் பார்த்தாதான் கோவம் வருது.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
அந்த "ஒருத்தர்" நான்தான். பெயர் சொல்லி எழுதும் துணிச்சல் இல்லையா?

டிஃபரன்ஷியலை லாக் செய்தால் கார் கவிழாது, நேராகப் போகும். இது எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டால் உள்சக்கரம் முன்னால் தள்ளும், வெளிச்சக்கரம் பின்னால் இழுக்கும். திருப்பத்துக்கு எதிராகவே காரைத் தள்ளும். முன்னால் இருப்பதோ ஒற்றைச் சக்கரம், அது ரோட்டைத் தேய்த்துக்கொண்டு வழுக்கும். ஆகவே கிளார்க்சன் எழுதியது ஒரு பத்திக்கான வேடிக்கைப் பேச்சு, அதைத் தூக்கிக்கொண்டு வாக்குமூலம் என்கிறீர்கள். ராபின் கவிழக் காரணம் ராபினின் வடிவம். டிஃபரன்ஷியல் அல்ல.

ஸ்பைடர்கியர்:
பாதி பாடத்தைப் படிச்சுட்டு பரீட்சைக்கு வந்திருக்கீங்க. நீங்க சொல்றது ரெண்டு பின்சக்கரமும் தரையில இருக்கிற வரைக்கும் சரி. உள்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பின பிறகு என்ன ஆகுதுன்னு யோசிச்சீங்களா?

சாதாரண ஓப்பன் டிஃப்ல (லாக் பண்ணாத டிஃபரன்ஷியல்) உள்ள ஸ்பைடர் கியர்ங்கற சின்னப் பல்சக்கரங்கள், எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ அந்தப் பக்கம் சுத்தவிடும். உள்சக்கரம் ஒரு விரல் உசரம் தூக்கினா போதும், இன்ஜின் சக்தி முழுக்க அந்தரத்துல சுத்துற சக்கரத்துக்குப் போயிடும். தரையில இருக்கிற வெளிச்சக்கரத்துக்கு ஒண்ணும் வராது. இன்ஜின் உறுமும், கார் வேகம் குறையும், தூக்கின சக்கரம் தானா கீழ இறங்கும். ராபினுக்கு இது இலவசமா கிடைச்ச பாதுகாப்பு.

ஸ்பைடர் கியரை வெல்டு வெச்சு இறுக்கிப் பாருங்க. உள்சக்கரம் தூக்கினாலும் வெளிச்சக்கரம் தள்ளிக்கிட்டே இருக்கும். வேகம் குறையாது, பக்கவாட்டு விசையும் குறையாது, சக்கரம் இறங்காது. முடிஞ்சது கதை. தூக்குறதுக்கும் கவிழறதுக்கும் நடுவுல இருக்கிற ஒரே காவல் அந்த டிஃப். அதைத்தான் நோண்டினாங்க.

கடைசிபெஞ்சு:
ஒரு சந்தேகம். ஸ்கிரிப்ட்னு எதைச் சொல்றீங்க? ஆங்கர் பேசுற வசனம் எழுதி வெச்சதா, நடக்கிற சம்பவமே ஏற்பாடா? ரெண்டும் வேற வேற. வசனத்தைப் பத்தின்னா டிவியில எழுதாத நிகழ்ச்சியே கிடையாதே. முதல்ல அதை முடிவு பண்ணிட்டு சண்டை போடுங்களேன்.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
வெல்டு வைத்தார்கள் என்று யார் சொன்னது? அவர் எழுதியது "நோண்டினார்கள்" என்பதுதான். வெல்டிங் உங்கள் கற்பனை.

கணக்குக்கு வருவோம். முன்சக்கரம் ஒன்று, பின்சக்கரம் இரண்டு. கார் கவிழும் கோடு முன்சக்கரத்திலிருந்து வெளிப்புறப் பின்சக்கரத்துக்குப் போகிறது. முக்கோணம் முன்னால் போகப் போக ஒடுங்குகிறது. எடை மையம் வீல்பேஸின் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம்) நடுவில் இருந்தால், அதற்குப் பக்கவாட்டில் கிடைக்கும் ஆதாரம் பின்னால் இருக்கும் அகலத்தில் பாதிதான். ராபினில் இன்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, பாடி முழுக்க ஃபைபர்கிளாஸ், பின்னால் எடையே இல்லை. பேச்சுக்கு ஓர் எண் வைத்துக்கொள்வோம்: பின் அகலத்தில் பாதி 0.6 மீட்டர், நடுவில் 0.3 மீட்டர், எடை மையத்தின் உயரம் 0.5 மீட்டர். பக்கவாட்டு விசை 0.6 ஜி, அதாவது வண்டி எடையில் 0.6 பங்கு, வந்தால் கார் கவிழும். காய்ந்த ரோட்டில் டயர் 0.8 ஜி வரை பிடிக்கும். வழுக்குவதற்கு முன்பே கவிழும் வண்டி இது. இதற்கு டிஃபரன்ஷியல் எதற்கு?

ஸ்பைடர்கியர்:
நன்றி. உங்க எண்ணையே எடுத்துக்கிறேன். 15 மீட்டர் ஆரம் உள்ள தெருமுனை, 25 கிமீ வேகம். வேகத்தை வர்க்கமாக்கி ஆரத்தால வகுங்க. 0.33 ஜி. உங்க கவிழ்கோட்டுக்குப் பாதியைக் கொஞ்சம் தாண்டுது, அவ்வளவுதான். ஆனா டிவியில அந்த வண்டி காலைநேரப் பால்காரன் வேகத்துல திரும்பும்போதே சாயுது. எப்படி? டிஃபரன்ஷியல். நோண்டினாங்க.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
அதே தெருமுனையில் 34 கிமீ வேகத்தில் போனால் 0.6 ஜி. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 9 கிமீ. பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே திருப்பினால் விசை முன்பக்கம் சாய்கிறது, முக்கோணம் ஒடுங்கும் இடத்தில் போய் விழுகிறது, இன்னும் குறைந்த வேகத்திலேயே கவிழும். இங்கிலாந்தில் டிரைவர் வலப்புறம் உட்காருகிறார், கிளார்க்சன் நல்ல உயரம், கனமும்கூட. தனி ஆளாக உட்கார்ந்து இடப்பக்கம் திருப்பினால் எடை ஏற்கெனவே வலப்பக்கக் கோட்டுக்கு அருகில் இருக்கிறது. எல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

ஹைலக்ஸ்தாசன்:
நம்ம ஊர் ஆட்டோவும் முன்னாடி ஒத்தச் சக்கரம்தானே அண்ணே, அது இப்படி விழுதா?

டன்ஸ்ஃபோல்டுவாசி:
பின் இன்ஜின் ஆட்டோவில் எடை முழுவதும் அகலமான பக்கம் இருக்கிறது, பயணிகளும் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள். ராபின் அதற்கு நேர்மாறு. உங்கள் கேள்வியே என் கட்சிக்குச் சாட்சி.

ஸ்பைடர்கியர்:
ஆட்டோவை இழுத்து டிஃபரன்ஷியலை மறைக்காதீங்க.

இன்னொண்ணு. அதே படத்துல கவிழ்ந்து கிடக்கிற காரைத் தூக்கிவிட யார் வர்றாங்கன்னு ஞாபகம் இருக்கா? கிரிக்கெட் அம்பயர் டிக்கி பேர்ட். ஹ்யூமன் லீக் பாடகர் ஃபில் ஓக்கி. அந்தந்தத் திருப்பத்துல அந்தந்தப் பிரபலம் தற்செயலா நின்னுக்கிட்டிருந்தாங்களா? கேமரா எந்தத் திருப்பத்துல கார் விழும்னு முன்னாடியே தெரிஞ்சு அங்க காத்திருந்துச்சு. தெருவை அடைக்கணும், ரோட்டோரம் ஆளை நிறுத்தணும், விழுற பக்கம் லென்ஸ் வைக்கணும். விழும்னு நிச்சயமா தெரியாம இதை எவன் ஏற்பாடு பண்ணுவான்? நிச்சயம் எங்கிருந்து வந்துச்சு? டிஃபரன்ஷியல்ல இருந்து.

ரோட்டரிராணி:
ரெண்டு அண்ணனும் ஒரு காரைக் கட்டிக்கிட்டு அழறீங்க. 1977-ல ஆரம்பிச்ச பழைய டாப் கியர் வெறும் கார் விமர்சனம், மைலேஜ், விலைன்னு போன நிகழ்ச்சி. 2002-ல கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் டன்ஸ்ஃபோல்டு விமானத்தளத்துக்குக் கொண்டுபோய் அதைப் பொழுதுபோக்கா மாத்தினாங்க. அன்னிக்கே முடிவாயிடுச்சு இது நாடகம்தான்னு. கேள்வி நாடகமா இல்லையாங்கறது இல்ல, நாடகம் நல்லா இருந்துச்சா இல்லையாங்கறதுதான். போட்ஸ்வானா பயண எபிசோடு நல்லா இருந்துச்சு. அவங்க அப்புறம் பண்ணின தி கிராண்ட் டூர் முதல் சீசன்ல ஜோர்டான்ல ராணுவப் பயிற்சின்னு ஒரு மணி நேரம் தொகுப்பாளருங்க மூணு பேரும் செத்துச் செத்துப் பிழைச்சாங்களே, விருந்தாளியா வர்ற பிரபலம் வாராவாரம் செத்துப்போற மாதிரி காட்டினாங்களே, அதை உட்கார்ந்து பார்க்க முடிஞ்சுதா?

ஹைலக்ஸ்தாசன்:
கிராண்ட் டூர் அமேசானோடது, அது டாப் கியர் கணக்குல வராது.

ரோட்டரிராணி:
அதே மூணு பேர், அதே வில்மன். வராம எப்படிப் போகும்?

ஹைலக்ஸ்தாசன்:
வராதுன்னா வராது. டாப் கியர்ல வந்த 2003 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் படத்தைப் பாருங்க, அதுல என்ன ஸ்கிரிப்ட் இருக்கு? 1988 மாடல் டீசல். பர்ன்ஹாம் கடற்கரையில கயித்துல கட்டி கடல் ஏத்தத்துல மூழ்கவிட்டாங்க. கயிறு அறுந்து வண்டி போயிடுச்சு, அது யாரும் எழுதினது இல்ல. மணல்ல புதைஞ்சு கிடந்ததைத் தோண்டி எடுத்தாங்க. ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது, சாதாரண டூல்ஸ் மட்டும். ஸ்டார்ட் ஆச்சு. அது நடக்கக் கூடியதுதான். அந்தக் காலத்து டீசல்ல இ.சி.யூ. (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) இல்ல, பம்ப் மெக்கானிக்கல். மூழ்கின உடனே சாவி போடக்கூடாது, தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். குளோ பிளக்கைக் (சிலிண்டரைச் சூடாக்குற பிளக்) கழட்டிட்டு இன்ஜினைச் சுத்தவிட்டா சிலிண்டர்ல இருக்கிற தண்ணி பீய்ச்சி வெளிய வரும். ஆயிலையும் டீசலையும் வடிச்சு மாத்தி, ஏர் ஃபில்டரைக் கழுவி, டீசல் லைன்ல ஏர் எடுத்தா ஓடும். கட்டடத்து உச்சியில வெச்சு அந்தக் கட்டடத்தையே வெடி வெச்சு இடிச்சும் ஓடினது அதே சேஸி, அதே இன்ஜின். 2006-ல தொகுப்பாளர் ஹேமண்ட் 464 கிமீ வேகத்துல டயர் வெடிச்சு உருண்டாரே, அதுவும் ஸ்கிரிப்டா?

ஸ்பைடர்கியர்:
ஹேமண்ட் விபத்தை நான் எங்கய்யா சொன்னேன்? நான் ராபினைச் சொன்னேன். ஹைலக்ஸ்ல கயிறு அறுந்துச்சு, நிஜம். ஒத்துக்க வேண்டியதே இல்ல, நான் அதை மறுக்கவே இல்ல. 2003-க்கும் 2010-க்கும் நடுவுல என்ன ஆச்சுன்னுதான் கேட்கிறேன். முன்னாடி காரை வதைச்சு என்ன ஆகும்னு பார்த்தாங்க. பின்னாடி என்ன ஆகணும்னு முடிவு பண்ணிட்டு காரை வதைச்சாங்க. 2008 டிசம்பர் டெஸ்லா ரோட்ஸ்டர் எபிசோடு அந்த மாத்தத்தோட பட்டவர்த்தனமான உதாரணம். சார்ஜே தீராத காரை நாலு பேர் ஹேங்கருக்குள்ள தள்ளிட்டுப் போறாங்க.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
டெஸ்லாவா? அதே பழைய பல்லவி. போன தடவை டெஸ்லா இழையைப் பூட்ட வைத்ததும் நீங்கள்தான். 2011-ல் டெஸ்லா வழக்குப் போட்டது, தோற்றது. 2013-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. டிராக்கில் 55 மைலில் சார்ஜ் தீரும் என்றுதான் சொன்னார்கள், தீர்ந்தது என்று சொல்லவில்லை. அந்த 55-ம் டெஸ்லாவின் கலிஃபோர்னியா ஆட்களே கொடுத்த கணக்கு என்று வில்மன் எழுதினார்.

ஸ்பைடர்கியர்:
கோர்ட்டு என்ன சொல்லிச்சு? டிராக்ல ஓடுற தூரத்தையும் ரோட்டுல ஓடுற தூரத்தையும் ஒண்ணுன்னு எந்தப் பார்வையாளரும் நினைக்க மாட்டான்னு சொல்லிச்சு. தள்ளிட்டுப் போனது நிஜம்னு சொல்லல. 20 சதவீதத்துக்குக் கீழ எந்தக் காரும் போகலைன்னு டெஸ்லா சொன்னதுக்கு பி.பி.சி. பதில் என்ன? "தீர்ந்தா எப்படி இருக்கும்னு காட்டினோம்." தீர்ந்தா எப்படி இருக்கும்னு நடிச்சுக் காட்டுறதுக்குப் பேர் என்ன? பிரேக் ஃபெயிலாயிடுச்சுன்னு சொன்னாங்களே, வேக்யூம் பம்போட ஃபியூஸ் போச்சு, பூஸ்டர் உதவி இல்லாம பெடல் கல்லு மாதிரி ஆகும், பிரேக் இருக்கும். காலை அழுத்தி மிதிக்கணும், அவ்வளவே. அதைச் சொன்னாங்களா?

கடைசிபெஞ்சு:
என் கேள்விக்கு யாராவது பதில் சொல்றீங்களா? ஸ்கிரிப்ட்னா எது?

ரோட்டரிராணி:
14-ஆம் சீசனுக்கு வந்த திட்டுகளைப் பார்த்துட்டு 2009 டிசம்பர்ல வில்மனே எழுதினார், இந்த வடிவம் தொடக்கத்தை விட முடிவுக்குத்தான் பக்கம்னு. தயாரிப்பாளருக்கே தெரிஞ்சது நம்ம டன்ஸ்ஃபோல்டு அண்ணனுக்குத் தெரியல.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
முடிவுக்குப் பக்கம் என்று எழுதியவர் 2015 வரை ஓட்டினார். அதற்கும் டிஃபரன்ஷியலுக்கும் என்ன சம்பந்தம்?

பம்பர்2பம்பர்:
2022 டிசம்பர்ல டாப் கியர் தொகுப்பாளர் ஃபிளின்டாஃப் ஓட்டினதும் மூணு சக்கரம்தான், மோர்கன் சூப்பர் 3. அதுவும் கவிழ்ந்துச்சு. மூணு சக்கரம்னா கவிழும்னு டன்ஸ்ஃபோல்டுவாசி சொல்றது சரிதான்.

ஸ்பைடர்கியர்:
ஒரு மனுஷன் முகம் சிதைஞ்சு, அந்த நிகழ்ச்சியையே பி.பி.சி. நிறுத்தி வெச்ச விபத்தை இந்தச் சண்டைக்குள்ள இழுக்காதீங்க. மோர்கன்ல முன்னாடி ரெண்டு சக்கரம், பின்னாடி ஒண்ணு. முக்கோணம் தலைகீழ். பிரேக் போட்டா எடை அகலமான பக்கம் போகும். ஒத்தப் பின்சக்கரத்துக்கு டிஃபரன்ஷியலே தேவையில்ல. ராபினோட அதை ஒப்பிடவே முடியாது.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
அதை நானும் ஒப்பிடவில்லை. பம்பர், நீங்கள் என் பக்கம் பேசாமல் இருந்தால் நல்லது.

ஆனால் ஸ்பைடர், ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வெல்டிங் கதை, உள்சக்கரம் தூக்கிய பிறகுதான் வேலை செய்கிறது. தூக்க வைத்தது எது? வடிவம். எடை. வேகம். டிஃபரன்ஷியல் அல்ல. நீங்களே என் வாதத்தை ஏற்று ஒரு படி மேலே ஏறி நிற்கிறீர்கள்.

ஸ்பைடர்கியர்:
தூக்குறது ராபின் குணம். விழறது டிஃபரன்ஷியல் குணம். சக்கரம் தூக்கினா யாரும் டிவியில பார்க்க மாட்டான், விழுந்தாதான் பார்ப்பான். அதனாலதான் அதை நோண்டினாங்க. கிளார்க்சனே சொல்லிட்டார், நீங்க அவருக்காக மறுக்குறீங்க.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
தூக்கியதும் எந்த டிரைவரும் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுப்பான். காலை எடுத்தால் லாக் செய்த டிஃபரன்ஷியலும் வெளிச்சக்கரத்தைத் தள்ளாது, இன்ஜின் பிரேக்கிங்கில் இழுக்கும். 848 சிசி இன்ஜின், அரை டன்னுக்கும் குறைந்த வண்டி. என்ன தள்ளிவிடப் போகிறது?

ஸ்பைடர்கியர்:
காலை எடுத்தாதானே! விழ வைக்கணும்னு ஓட்டுறவன் ஏன் எடுக்கிறான்? அதோட அரை டன் வண்டியைத் தள்ள அந்த இன்ஜின் தாராளம். ரெண்டாவது கியர்ல காலை எடுக்காம, ஸ்டியரிங்கை விடாம பிடிச்சிருந்தா போதும். இதைத்தான் ஸ்கிரிப்ட்னு சொல்றேன்.

டன்ஸ்ஃபோல்டுவாசி:
அப்படியானால் கவிழ்த்தது டிரைவரின் கால். டிஃபரன்ஷியல் அல்ல.

ஸ்பைடர்கியர்:
கால் மட்டும் போதும்னா எதுக்கய்யா டிஃபரன்ஷியலை நோண்டினாங்க?