துக்க வீட்டில் அழாதவன்

மகனுடைய பெரியப்பா தவறிய அன்று நடந்தது இது. மகனுக்கு ஆட்டிசம், கல்லூரியில் படிக்கிறான். ஒப்பாரி தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். "தூக்கி வளர்த்த மனுஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல்நெஞ்சுக்காரன்" என்று ஒரு உறவுக்காரர் என் காதுபடவே சொன்னார். ஆனால் அவனுடைய பெரியம்மா காலையிலிருந்து சர்க்கரை மாத்திரை போடவில்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் உறைத்தது. பக்கத்து வீட்டில் இட்லி வாங்கிவந்து, "சாப்பிட்டுட்டு போடுங்க" என்று தட்டையும் மாத்திரையையும் நீட்டிவிட்டு மறுபடி மாடியேறிவிட்டான். காரியமெல்லாம் முடிந்தபின் தினமும் ராத்திரி வயிற்றுவலி என்றான். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பிறகு அவனே கண்டுபிடித்தான்: "பெரியப்பா போன் பண்ற நேரத்துலதான்மா வலிக்குது."

பதில் 1:
அந்த வயிற்றுவலி எனக்கும் பழக்கம் அக்கா. எனக்கும் ஆட்டிசம்தான். தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பிடிபடாத இதற்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருந்தது. நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும். அது பயமா, துக்கமா, வெறும் பசியா என்று பிடிபடாது. மனைவி முகம் வாடியிருந்தால் எனக்குத் தெரியாது. "இன்னைக்கு மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டார்" என்று அவளே வாய்விட்டுச் சொன்னால், அவள் தூங்கிவிடுவாள், நான்தான் விடியவிடிய விழித்திருப்பேன்.

பதில் 2:
ஆட்டிசம் உள்ள எங்களுக்குத்தான் மற்றவர் மனசு புரியாது என்கிறார்கள். அந்த உறவுக்காரருக்கு உங்கள் பையன் மனசு புரிந்ததா என்ன? இந்தப் புரியாமை இரண்டு பக்கமும் உண்டு என்று 2012இல் எழுதிய ஆய்வாளர் டேமியன் மில்டனும் ஆட்டிசம் உள்ளவர்தான். 2020இல் வெளியான எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, அப்படியே கடத்தவிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்குத் தேறியது. இரண்டு தரப்பும் கலந்த வரிசையில்தான் நிறைய உதிர்ந்துபோனது. என் தோழிக்கும் ஆட்டிசம். அவளிடம் நான் விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை. சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் என்றால், "எனக்கு ஏதாவது வேலை கொடுத்துடுங்க" என்று முன்கூட்டியே கேட்டுவிடுவேன். நாற்காலி போடுவதோ, வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதோ, எதுவானாலும் சரி.