பிரபலங்களை நேரில் கண்ட அனுபவம்: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் சொல்லுங்கள்

கல்லடிக்காரி:
சென்னை ஆட்கள் இந்தப் பக்கம் வந்தால் அது கடைத் திறப்பாக இருக்கும், இல்லையென்றால் இசை நிகழ்ச்சி. நான் கண்டது கடைத் திறப்பில். டவுனில் ஒரு புடவைக்கடை. ரிப்பன் வெட்ட வந்தவர், சீரியலில் மருமகளை வதைத்தே பெயர் எடுத்த மாமி. அவர் பெயர் இங்கே வேண்டாம். சனம் முழுக்க ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. வந்தவரைத் திரையில்தான் பார்த்தார்கள், அதை வீட்டில் இருந்தே பார்த்திருக்கலாம். என் பெத்தாவிடம் ஃபோன் இல்லை. அதனால் அவ இடித்துக்கொண்டு முன்னுக்குப் போய், நேரே கேட்டே விட்டா: "அந்தப் புள்ளைய ஏன் மகள் இந்தப் பாடு படுத்துறாய்?"

நடிகை சிரித்து, பெத்தாவின் கையைப் பிடித்து, "அப்படி நடிக்கத்தான் பாட்டி சம்பளம் தர்றாங்க" என்றார். பெத்தா விடவில்லை. "சம்பளத்துக்காகவா?" என்று கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டா. வில்லி வேடக்காரருக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது என்பேன். அன்றிரவும் ஏழு மணிக்கு அதே சீரியல்தான் வீட்டில் ஓடியது, அது வேறு கதை.

கொக்கட்டிச்சோலை அண்ணன்:
நான் ஒரு நடிகரையும் நேரில் கண்டதில்லை தங்கச்சி. ஆனால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ரசிகனாக இருந்த கதை சொல்கிறேன். சண்டைக் காலம், எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குப் போய் டிவி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன் எல்லாவற்றையும் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றி வாவியைக் கடக்க வேண்டும். டெக் நனைந்தால் அபராதம், அதனால் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருவோம்.

ஒரு ராவைக்கு மூன்று படம். எந்தப் படம் முதலில் என்பதில்தான் ஊர்ச் சண்டையே. காசு கொடுத்த பெரியவர்களுக்காக முதலில் எம்.ஜி.ஆர். மறுகா ரஜினி. கமல் படம் தொடங்கும்போது விடியப்புறம் ஆகிவிடும், முற்றத்தில் பாதிச் சனம் பாயில் நித்திரை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடிந்து கடைசிக் காட்சி இல்லாமல் போவதும் கமல் படத்துக்குத்தான். கமல் ரசிகனாக இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். "மூன்றாம் பிறை"யில் அந்த ரயில் நிலையக் காட்சியை நான் முழுசாகப் பார்த்தது கலியாணம் முடித்த பிறகு.

அமிர்தகழி:
அண்ணன் அந்தப் படத்தைச் சொன்னதால் எழுதுகிறேன். அதை எடுத்த பாலு மகேந்திரா எங்களூர்க்காரர். 1939இல் அமிர்தகழியில் பிறந்தவர், புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். இந்தத் தலைப்புக்கு மிகப் பொருத்தமான கதையும் அவருடையதுதான். பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்தில், டேவிட் லீன் "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். அந்தப் படம் கித்துல்கலையில் எடுக்கப்பட்டு 1957இல் வெளிவந்தது. இயக்குநர் "மழை" என்று சத்தம் போட, மழை கொட்டியதாம். அந்தப் பொடியன் அப்போதே முடிவெடுத்துவிட்டான், தானும் இப்படி மழை பெய்விக்க வேண்டும் என்று. பிறகு பூனே திரைப்படக் கல்லூரி, 1977இல் கன்னடத்தில் "கோகிலா", 1982இல் "மூன்றாம் பிறை". இரண்டு படத்தின் ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது.

பிரபலத்தைக் காணப் போனவர்களில் அவரைப் போல வேலையைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? ஆட்டோகிராஃப் வாங்கினாரா என்று எங்கேயும் நான் வாசிக்கவில்லை. எனக்கு இருக்கும் ஒரே குறை, மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாக் கூட்டத்தையும் வாவியின் விடிகாலை வெளிச்சத்தையும் அவருடைய கமெரா வழியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை என்பதுதான். 2014இல் அவர் போய்விட்டார். ஊரில் பெரிய கட்அவுட் யாருக்கு நிற்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

கல்முனைப் பொடியன்:
கட்அவுட் என்றதும் கோபம் வருகுது போல! 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாங்கள் தலைவர் படத்துக்குப் பாலே ஊற்றவில்லை. மாலை மட்டும்தான். எங்களையும் கொஞ்சம் மதியுங்கள்.

அக்கரைப்பற்று ராத்தா:
எங்கள் வாப்பாவுக்கு நடிகர்கள் ஒரு பொருட்டே இல்லை. அவருக்குப் பிரபலம் என்றால் வானொலி அறிவிப்பாளர். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீத் "பாட்டுக்குப் பாட்டு" நடத்திய காலத்தில், போட்டியாளருக்கு முன்னம் வாப்பா கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை எடுத்து உம்மாவிடம் ஏச்சு வாங்குவார். அதே நிகழ்ச்சியைப் பிறகு சன் டிவியில் பார்த்தபோது, "குரல் போதும், முகத்தை ஏன் காட்டுறான்கள்" என்றார்!

ஒருமுறை கொழும்பு பஸ்ஸில் பின் இருக்கையில் யாரோ "தம்பி, யன்னலைக் கொஞ்சம் சாத்துங்க" என்று சொன்னார். வாப்பா திரும்பிப் பார்க்காமலே அந்த அறிவிப்பாளரின் பெயரைச் சொல்லி ஸலாம் சொன்னார். அவரேதான். இறங்கும் வரைக்கும் இரண்டு பேரும் பழைய பாட்டுக் கதைதான். படம் எடுக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "குரலை எப்படி மகள் படம் எடுக்கிறது" என்றார்.

காரைதீவு:
நான் நேரில் கண்டது சந்தோசமான கதை இல்லை. பாட்டுப் போட்டித் தெரிவுக்குப் போன என் மச்சாளுடன் துணைக்குப் போனேன். எந்தச் சேனல் என்பது முக்கியமில்லை. அவ ஒரு வரி பாடுவதற்குள் நிறுத்தி, "சண்டையில் வீட்டில் யாரையாவது இழந்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கேட்டவரின் முகம் வாடியது. மச்சாள் தெரிவாகவில்லை. பாட்டுச் சரியில்லையா, கதை சரியில்லையா என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியாது.

2019 பிக்பாஸில் லொஸ்லியா, தர்ஷன், 2023இல் ஸீ தமிழ் லிட்டில் சாம்ப்ஸில் வென்ற கில்மிஷா, இவர்கள் எல்லோருக்காகவும் ராத்திரி முழித்திருந்து கை தட்டியவன் நான். நம்ம பிள்ளைகள் அங்கே போய் நிற்பது பெருமைதான். ஆனால் இலங்கை என்றதுமே பின்னணியில் சோக வயலின் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு போட்டியாளர் பாடினால் நடுவர் சங்கதியைப் பேசுகிறார், நம்மவர் பாடினால் கண்ணைத் துடைக்கிறார். அழுதுவிட்டுப் போகட்டும், ஆனால் சுருதி எங்கே விலகியது என்பதையும் சொல்லிவிட்டு அழட்டும். மச்சாள் அடுத்த முறையும் போகத்தான் போகிறாவாம்.